போர்க்கதை வழியே ஆங்கிலம்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கத்தில் மாலை நேரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருகிறார்கள். பாடத்துக்கு நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் போர் வரலாறு. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்றபடி கேட்பதும், வெளியூர் ஆசிரியர்கள் போனில் கேட்பதும் ஒரே கேள்விகளாக இருக்கின்றன. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பிள்ளைக்கு உரக்க வாசித்துக் காட்டப்போகும் அம்மா அப்பாவுக்கு அதுதான் சுலபம். நோட்டில் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுதவையுங்கள்.

டீச்சர், இங்கிலீஷ் படிக்க யுத்தக் கதை எதுக்கு? வேற கதையே இல்லியா?

இருக்கிறது, ஏராளமாக. ஆனால் நரியும் திராட்சையும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். போர்க்கதையில் பயணம், கட்டளை, கடிதம், ஒப்பந்தம், தப்புக்கணக்கு எல்லாம் இருக்கும். கட்டளை வந்தால் ஏவல் வாக்கியம் வருகிறது. பயணம் வந்தால் ஃப்ரம், டு, த்ரூ எல்லாம் வருகின்றன. எது முதலில் நடந்தது, எது பிறகு என்று கேட்டால் டென்ஸ் வந்தே ஆக வேண்டும். இலக்கணத்தை நாம் கொண்டுபோய்த் திணிக்க வேண்டியதில்லை; கதையைச் சொல்லி முடிக்கவே அது தேவைப்படுகிறது.

இன்னொன்று, நம் குமரி மாவட்டமே அந்தக் கதைக்குள் இருக்கிறது. சுருக்கம் இதுதான்: 1741-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை இலங்கையிலிருந்து கப்பலில் வந்து குளச்சல் பக்கம் இறங்கியது. கடற்கரையைப் பிடித்துக்கொண்டு, அப்போது திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தை நோக்கி நகர்ந்தது. வடக்கே இருந்த திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படையோடு திரும்பி வந்து, அவர்களைக் குளச்சலுக்கே பின்வாங்க வைத்து, அங்கே முற்றுகையிட்டு வென்றார். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவரே பிறகு திருவிதாங்கூர் படையில் சேர்ந்து, அதை ஐரோப்பிய முறையில் பழக்கினார். உதயகிரிக் கோட்டையையும் வட்டக்கோட்டையையும் பலப்படுத்தினார். 1777-ல் இறந்தவரை உதயகிரியிலேயே புதைத்தார்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கதையைத் தொட்டுத்தான் இருக்கும்.

எந்த வகுப்புல இருந்து தொடங்கலாம்? என் மக மூணாங்கிளாஸ்தான்.

மூணாங்கிளாஸ் போதும். ஆனால் அந்த வயதில் வரலாறு வேண்டாம், கவாத்து போதும். முற்றத்தில் நிற்கவைத்து 'ஸ்டாண்ட் ஸ்டில்', 'டர்ன் லெஃப்ட்', 'டேக் டூ ஸ்டெப்ஸ் ஃபார்வர்ட்', 'ஹால்ட்' என்று சொல்லுங்கள். பிறகு அவளைக் கேப்டனாக்கிவிட்டு நீங்கள் நடங்கள். கட்டளை போடும் ஆசையிலேயே வாய் திறந்துவிடும். வினைச்சொல்லின் அடிப்படை வடிவம் அங்கேயே படிந்துவிடுவதால், பின்னால் 'டிட்' வரும்போது பாதி வேலை மிச்சம்.

எனக்கே இங்கிலீஷ் சரியா வராது. நான் எப்பிடி வீட்டுல சொல்லிக் குடுக்க?

முதலில் கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள், முழுசாக, நம் பேச்சில். கதை தெரியாத பிள்ளைக்கு ஆங்கில வாக்கியம் வெறும் சத்தம். கதை தெரிந்துவிட்டால் தெரியாத சொல்லைக்கூட ஊகித்துவிடும். அப்புறம் ஆறே வாக்கியம்: 'தி டச் கேம் ஃப்ரம் சிலோன். தே லேண்டட் நியர் குளச்சல். தே மார்ச்ட் டுவர்ட்ஸ் பத்மநாபபுரம். தி கிங் ரிட்டர்ன்ட் வித் ஹிஸ் ஆர்மி. தி டச் லாஸ்ட். டிலனாய் பிகேம் அ பிரிசனர்.'

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கடற்கரையை ஒரு கோடாக இழுத்து, குளச்சலையும் தக்கலையையும் குறித்துக்கொள்ளுங்கள். டச்சுப் படைக்கு ஒரு புளியங்கொட்டை, ராஜா படைக்கு ஒரு குன்றிமணி. வாக்கியத்தைச் சொன்னால்தான் கொட்டையை நகர்த்தலாம் என்பது விதி. 'லேண்டட்' என்று சொல்லாமல் கொட்டையைக் கரையில் வைத்தால் மறுபடி கடலுக்கே போக வேண்டும். என் வகுப்பில் இதற்கு நடக்கும் தகராறு குளச்சல் சண்டையைவிடப் பெரிது.

வீட்டிலோ பக்கத்திலோ பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற தாத்தா யாராவது இருந்தால் அவரை விடாதீர்கள். நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அவர் பேசும் ஆங்கிலம் இலக்கணப்படி முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் கூச்சமில்லாமல் பேசுவார். பிள்ளை அவரிடம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை குடுக்கணும்?

எண்ணிக்கையை விடுங்கள். ஒரு காட்சியைக் கொடுங்கள். கோட்டை என்றால் ஃபோர்ட், வால், கேட், கார்ட், சீஜ் எல்லாம் ஒன்றாக வந்துவிடும். படத்தில் விரலை வைத்துச் சொல்ல முடிந்த சொல் எளிதில் மறக்காது. அப்படியே அந்தச் சொற்கள் போர்க்களத்தை விட்டு வெளியே வருவதையும் காட்டுங்கள். கேம்பெய்ன் என்பது படையெடுப்புக்கும் உண்டு, தேர்தல் பிரசாரத்துக்கும் உண்டு. ரெக்ரூட், டார்கெட், ஸ்ட்ராட்டஜி எல்லாம் இன்று கம்பெனி வேலை பார்க்கும் மாமா வாயில் தினமும் வருகிற சொற்கள்.

'வென்ட்'டுனு சொல்லாம 'கோட்'டுனு சொல்லுது பிள்ளை. அட்டவணையை மனப்பாடம் பண்ண வைக்கட்டா?

பிறகு பண்ணவைக்கலாம், முதலில் வேண்டாம். போர்க்கதையில் ஃபைட்-ஃபாட், லீட்-லெட், ஃப்ளீ-ஃப்ளெட், சிங்க்-சேங்க், ஹோல்ட்-ஹெல்ட், பில்ட்-பில்ட் என்று ஒழுங்கில்லாத வினைகள்தான் திரும்பத் திரும்ப வரும். கதையில் நாலு தடவை கேட்ட பிறகு அட்டவணையைப் பார்த்தால், தெரிந்த முகங்களைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் கேள்வியும் மறுப்பும்தான். 'டிட் தே வின்?' 'தே டிடின்ட் வின்.' இங்கே 'வன்' வராது, இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்துவிட்டது. எழுத்தில் ஒரு வலையும் உண்டு: தலைமை தாங்கினார் என்ற 'லெட்' வேறு, துப்பாக்கிக் குண்டு வார்க்கும் ஈயமான 'லெட்' வேறு. ஒலி ஒன்று, எழுத்து வேறு. இதில் பெரியவர்களும் விழுகிறார்கள்.

'ஹேட்' எங்க போடணும் டீச்சர்? எனக்கே இன்னைக்கும் குழப்பந்தான்.

நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் 'ஹேட்' தேவையே இல்லை. மேலே உள்ள ஆறு வாக்கியங்களைப் பாருங்கள், ஒரு 'ஹேட்' கூடக் கிடையாது. கதையின் நடுவில் நின்றுகொண்டு அதற்கும் முன்னால் நடந்ததைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அது வரும். 'வென் தி கிங் ரீச்ட் தி கோஸ்ட், தி டச் ஹேட் ஆல்ரெடி லேண்டட்.' ராஜா வந்தது ஒரு புள்ளி. அவர்கள் இறங்கியது அதற்கு முன்னால் ஒரு புள்ளி. முந்தைய புள்ளிக்குத்தான் 'ஹேட்'.

ஆண்டு தெரிந்தால் இன்னும் சுலபம். டச்சுக்காரர்களோடு திருவிதாங்கூர் மாவேலிக்கரை ஒப்பந்தம் செய்தது 1753. டிலனாய் இறந்தது 1777. பத்மநாபபுரத்தை விட்டுத் தலைநகர் திருவனந்தபுரம் போனது 1795. ஒரு கோட்டில் குறித்துவிட்டு, 1777-ல் விரலை வைத்துக்கொண்டு இடப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். 'பை 1777, டிராவன்கூர் ஹேட் சைன்ட் அ ட்ரீட்டி வித் தி டச்.' அதே கோட்டில் 'அன்டில்'லும் கிடைக்கும்: 'பத்மநாபபுரம் வாஸ் தி கேபிடல் அன்டில் 1795.' நீடித்த ஒன்றுக்கு அன்டில், அதற்குள் முடிந்துவிட்ட ஒன்றுக்கு பை.

'ஃபாட் வித்' சரியா, 'ஃபாட் அகெய்ன்ஸ்ட்' சரியா? கைடுல ரெண்டும் போட்டிருக்கு.

இரண்டும் ஆங்கிலம்தான். ஆனால் 'ஹீ ஃபாட் வித் தி டச்' என்றால் டச்சுக்காரரை எதிர்த்தாரா, அவர்கள் பக்கம் நின்றாரா என்று தெரியாது. தமிழிலும் 'டச்சுக்காரர்களோடு போரிட்டார்' என்றால் இதே சிக்கல் வரும். அதனால் பிள்ளைகளுக்கு நான் 'வித்'தை இந்த இடத்தில் கொடுப்பதே இல்லை. எதிர்த்தால் அகெய்ன்ஸ்ட், ஒருவருக்காக நின்றால் ஃபார், கூட நின்றால் அலாங்சைட்.

இதைச் சொல்லிக்கொடுக்க டிலனாயை விட்டால் வேறு ஆள் கிடையாது. 'டிலனாய் ஃபாட் அகெய்ன்ஸ்ட் டிராவன்கூர். லேட்டர் ஹீ ஃபாட் ஃபார் டிராவன்கூர்.' இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் மாறியது ஒரே சொல், ஒரு மனிதனின் பாதி ஆயுள் அதற்குள் இருக்கிறது. ஏன் மாறினார் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அவர்களையே காரணம் ஊகித்து 'பிக்காஸ்' போட்டு எழுதச் சொல்லுங்கள். கூடவே 'சரண்டர்ட் டு', 'ரிட்ரீட்டட் ஃப்ரம்', 'சென்ட் டு' இவற்றையும் சேர்த்துவிடலாம், தனித்தனிப் பாடம் வேண்டாம்.

'அ' எப்ப, 'தி' எப்ப? எத்தனை சொன்னாலும் மண்டையில ஏறல்ல.

நம் மொழியில் இப்படி ஒரு சொல் கட்டாயமில்லை, அதனால் ஏறாமல் இருப்பது இயல்பு. இதற்கு மட்டும் நான் குளச்சலை விட்டுவிட்டு 1854-க்குப் போய்விடுவேன். கிரிமியப் போர், அக்டோபர் 25, பாலக்லாவா என்ற இடம். ரஷ்யர்கள் தாங்கள் பிடித்த சில பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போவதை, மேட்டில் இருந்த பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பார்க்கிறார். கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் குதிரைப்படைக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்புகிறார். எதிரி 'தி கன்ஸ்' கொண்டுபோவதைத் தடுக்கப் பாருங்கள் என்பது அதன் சாரம். 'தி' என்றால் 'உனக்கும் எனக்கும் தெரிந்த அந்த' என்று பொருள். மேட்டில் இருந்தவருக்கு எந்தப் பீரங்கி என்று தெரியும். பள்ளத்தில் இருந்த குதிரைப்படைத் தளபதி லூக்கனுக்கு அவை கண்ணிலேயே படவில்லை. எந்தப் பீரங்கி என்று அவர் கேட்க, சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். விளைவு, இலகு குதிரைப்படை வேறு பீரங்கிகளை நோக்கி, பள்ளத்தாக்கின் கோடிக்கு, மூன்று பக்கமும் குண்டு பாயப் பாய்ந்தது. போனவர்கள் ஏறக்குறைய 670 பேர். செத்தவர்கள் நூற்றுக்கு மேல், காயம்பட்டவர்கள் அதைவிட அதிகம். நோலனும் திரும்பவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மா 'மக்ளே, அந்தப் பாத்திரத்த எடு' என்பாள். திண்ணையில் இருப்பவனுக்கு எந்தப் பாத்திரம் என்று எப்படித் தெரியும்? அதே கதைதான். கேட்பவருக்கு எது என்று தெரியாதவரை 'அ', தெரிந்த பிறகு 'தி'. 'அ ஷிப் கேம். தி ஷிப் ஃபயர்ட் அட் தி கோஸ்ட்.' முதல் தடவை ஏதோ ஒரு கப்பல், இரண்டாம் தடவை அந்தக் கப்பல். பிள்ளை 'தி' என்று எழுதும்போதெல்லாம் நான் 'விச் கன்ஸ்?' என்று கேட்பேன். பதில் இருந்தால் 'தி' இருக்கலாம். இல்லையென்றால் அழித்துவிட வேண்டும்.

இதில் அடங்காதவை சில உண்டு. மக்களைக் குறிக்கும்போது 'தி டச்', 'தி பிரிட்டிஷ்'. கூடவே 'வேர்' வரும், 'வாஸ்' வராது. ஊர்ப்பெயருக்குமுன் ஒன்றும் வேண்டாம். 'தி குளச்சல்' கிடையாது. இவற்றை அப்படியே பழக்கிவிடுங்கள், விளக்கம் சொல்லிக் குழப்பாதீர்கள்.

சண்டை, சாவு எல்லாம் சின்னப் பிள்ளையளுக்குச் சொல்லலாமா?

பத்து வயதுக்குக் கீழ் காயத்தையும் ரத்தத்தையும் சொல்வதில்லை. கப்பல், சோறு, வழி, மழை, கடிதம், கோட்டைச் சுவர் இவையே போதும். போரில் பெரும்பங்கு நேரம் இவற்றில்தான் போகிறது. பெரிய பிள்ளைகளிடம் செத்தவர்களை மறைக்கக் கூடாது. பாலக்லாவாவை நான் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. செய்தியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் போர்களை வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை என்பது என் கண்டிப்பு. அப்பா எல்லையில் இருக்கிற பிள்ளை ஒன்றாவது எப்போதும் வகுப்பில் இருக்கும்.

பேசிவ் வாய்ஸ் எதுக்கு? நேரா சொன்னா போதாதா?

பெரும்பாலும் நேராகச் சொன்னால் போதும். 'மார்த்தாண்ட வர்மா டிஃபீட்டட் தி டச்.' ஆனால் கதை டச்சுக்காரரைப் பற்றியது என்றால் 'தி டச் வேர் டிஃபீட்டட்' என்பதுதான் இயல்பு. செய்தது யார் என்று தெரியாவிட்டாலோ, அது முக்கியமில்லாவிட்டாலோ இப்படி வரும்: 'தி ஃபோர்ட் வாஸ் பில்ட் ஆஃப் ஸ்டோன்.' யார் கல் சுமந்தார்கள் என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. சொல்லாமல் தப்பித்துக்கொள்ளவும் அது உதவும். அடுத்த கேள்விக்கு அதுதான் பதிலாகிறது.

எங்க பாட்டிமாரை மேல துணி போட விடாத ராஜ்ஜியம் அது. அதோட வெற்றியை என் பிள்ளை எதுக்குப் படிக்கணும்?

நியாயமான கேள்வி, நம் மாவட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்வியும்கூட. குளச்சலை நான் கொண்டாட்டமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. தோள்சீலைக்கான போராட்டம் இங்கே பல பத்தாண்டுகள் நடந்து, 1859-ல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு ஆணை வந்தது. அதையும் அதே நோட்டில் எழுதவைக்கிறேன். 'உமன் வேர் அட்டாக்ட்.' 'சேப்பல்ஸ் வேர் பர்ன்ட்.' எழுதி முடித்ததும் கேட்பேன்: 'பை ஹூம்?' செய்தவர்களைச் சேர்த்து நேர் வாக்கியமாக மாற்று என்பதுதான் பயிற்சி. பாடப்புத்தகத்தில் வரும் மாற்றி எழுதும் பயிற்சியேதான் இது, ஆனால் இங்கே மாற்றும்போது ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது.

பெரிய பிள்ளைகள் 'ஆல்தோ'வைப் படிப்பதும் இங்கேதான். 'ஆல்தோ டிராவன்கூர் டிஃபீட்டட் தி டச், இட் டிட் நாட் ட்ரீட் ஆல் இட்ஸ் பீப்பிள் ஆஸ் ஈக்வல்ஸ்.' இரண்டும் உண்மை, ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. 'ஆல்தோ' போட்டால் பிறகு 'பட்' வேண்டாம் என்பதை மட்டும் நினைவுபடுத்துங்கள்.

பனந்தடியை வண்டியில வச்சுப் பீரங்கின்னு டச்சுக்காரனை ஏமாத்தினாங்கன்னு யூடியூப்ல சொல்றாங்க. உண்மையா? பிள்ளைக்குச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், ஊரில் சொல்லப்படும் கதை என்று சொல்லிவிட்டு. ஆங்கிலத்தில் அதற்கென்றே வாக்கியம் இருக்கிறது: 'இட் இஸ் செட் தட் தே யூஸ்ட் பாம் டிரங்க்ஸ்.' கொஞ்சம் நம்பினால் 'தே மே ஹாவ் யூஸ்ட்'. ஆதாரத்திலிருந்து உறுதியாக ஊகித்தால் 'தே மஸ்ட் ஹாவ்'. கையில் ஆதாரமே இருந்தால் வெறும் 'தே யூஸ்ட்'. நான்கையும் பலகையில் எழுதி, ஒவ்வொரு தகவலும் எந்த வரிசையில் உட்காரும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எட்டாம் வகுப்பில் இதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

தேதியும் இப்படித்தான். குளச்சல் போரைச் சிலர் 1741 ஜூலை 31 என்றும் சிலர் ஆகஸ்ட் 10 என்றும் எழுதுகிறார்கள். அன்றைய ஐரோப்பாவில் பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி என இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. 'இன் 1741' என்று எழுதினால் தகராறு இல்லை. நாளைச் சொன்னால் 'ஆன்', மாதமோ ஆண்டோ மட்டும் என்றால் 'இன்'.

'கர்னல்'னுதான சொல்லுதோம், எழுதும்போது நடுவுல 'எல்' எங்கேருந்து வருது?

படைச் சொற்களில் பல பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை, அதனால் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாது. கர்னலை அப்படியே கண்ணால் பழக வேண்டியதுதான். 'சோர்ட்' என்ற வாளில் 'டபிள்யூ' ஊமை. பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அதன் கடைசி 'சி'யைக் கேட்டுப்பாருங்கள். அந்தச் சொல்லை 'கோர்' என்றுதான் உச்சரிக்க வேண்டும். எழுத்தில் உள்ள கடைசி இரண்டும் வாயில் வராது. 'கார்ப்ஸ்' என்று படித்தால் பிணம் என்று பொருள் மாறிவிடும். இதை ஒருமுறை சொன்னால் போதும், எந்தப் பிள்ளையும் மறக்காது.

உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனா அங்க என்ன செய்ய?

புலியூர்க்குறிச்சியில் இறங்கி உள்ளே போனால் இடிந்த தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும்தான் வெட்டியிருக்கிறார்கள், ஆங்கிலம் கிடையாது. நம் வேலைக்கு அது வசதி. வருகிறவர்களுக்காக நாலு வரியில் ஆங்கில அறிவிப்புப் பலகை எழுது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். யார், எங்கிருந்து வந்தார், என்ன செய்தார், எப்போது இறந்தார். அகெய்ன்ஸ்ட், ஃபார், பேசிவ், 'அ', 'தி' எல்லாம் அந்த நாலு வரியில் வந்தே தீரும். மதில் மேல், கதவுக்கு வெளியே, கல்லறைக்குப் பக்கத்தில் என்று இருக்கும் பொருள்களை 'ஆன்', 'அவுட்சைட்', 'பிசைட்' போட்டுச் சொல்லவைப்பது சின்னவர்களுக்கு. பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் திங்கட்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

'இஃப்' வாக்கியம் பரீட்சைக்கு வருது. அதுக்கும் போர்க்கதை உதவுமா?

இதற்குத்தான் அதிகம் உதவும், ஏனென்றால் நடந்து முடிந்த போரில் 'இப்படி ஆகியிருந்தால்' என்று கேட்காத பிள்ளை கிடையாது. குளச்சலில் டச்சுக்காரரின் வெடிமருந்து தீப்பிடித்து அரிசிக் கையிருப்பு எரிந்துபோனது அவர்கள் சரணடைய ஒரு காரணம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். 'இஃப் தி ரைஸ் ஹேட் நாட் பர்ன்ட், தே மைட் ஹாவ் ஹெல்ட் அவுட் லாங்கர்.' 'ஹேட்' பற்றி மேலே சொன்னது புரிந்திருந்தால் முதல் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்; இரண்டாம் பாதியில் 'வுட் ஹாவ்', 'மைட் ஹாவ்' புதிது.

ஒரு பையன் எழுதிக் கொடுத்தான்: 'இஃப் தி டச் ஹேட் வன், வீ வுட் பி லேர்னிங் டச் இன் திஸ் கிளாஸ்.' சூத்திரப்படி பார்த்தால் 'வுட் ஹாவ்' எங்கே என்று சிலர் சிவப்பு மையால் சுழிப்பார்கள். சுழிக்கக் கூடாது. நிபந்தனை 1741-ல், விளைவு இன்று மாலை வகுப்பில்; இரண்டு காலம் கலந்தால் இப்படித்தான் வரும், வாக்கியம் சரி. ஆனால் பரீட்சைத் தாளில் பாடப்புத்தகத்தில் உள்ள வடிவத்தையே எழுதச் சொல்லியிருக்கிறேன். திருத்துபவர் யாரோ, அவரோடு வாதாட நாம் அங்கே இருக்கப்போவதில்லை.